சின்னக் கடல்நீர்த் தொட்டியில் எதை விடலாம், எதை விடக் கூடாது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே வரும் கணக்கெல்லாம் 60 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரமுள்ள தொட்டிக்கானது. வெறும் தொட்டி 84 லிட்டர் கொள்ளும். பாறையும் மணலும் போட்டபின் உள்ளே நிற்கும் தண்ணீர் ஏறத்தாழ 70 லிட்டர்தான். மருந்தோ உப்போ எதைக் கணக்கிட்டாலும் இந்த 70-ஐ வைத்தே கணக்கிடுங்கள்.

இதைவிடச் சின்னதாக, 20 லிட்டரில் தொடங்கினால் சுலபமாக இருக்காதா?

கடல்நீர்த் தொட்டியில் அளவு குறையக் குறைய வேலை கூடும். 20 லிட்டரில் ஒரு நத்தை செத்து அழுகினால் போதும், நஞ்சான அம்மோனியா ஒரே இரவில் ஏறிவிடும். தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறுவதும், வெயில் நேரத்தில் சூடு ஏறுவதும் அப்படித்தான். கைப்பழக்கம் வந்தவர்கள் 20 லிட்டரை அழகாக வைத்திருக்கிறார்கள். முதல் தொட்டிக்கு 80 லிட்டருக்குக் கீழே போக வேண்டாம்.

தண்ணீர் ஊற்றி எத்தனை நாள் கழித்து மீன் விடலாம்?

நாள்கணக்கைப் பார்க்காதீர்கள், சோதனைக் கிட் காட்டும் எண்ணைப் பாருங்கள். பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும்.

ஆர்.ஓ. டி.ஐ. தண்ணீரில் (வடிகட்டி, கரைந்த உப்புகளை நீக்கிய நீர்) லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் கடல் உப்புக் கலவை வீதம் கரையுங்கள். 70 லிட்டருக்குச் சுமார் 2.5 கிலோ பிடிக்கும். சமையல் உப்பு இதற்கு ஆகாது. கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட் எல்லாம் சேர்ந்த கலவைதான் வேண்டும். ஒப்படர்த்தி (நன்னீரை 1 என்று கொண்டால் உப்புநீரின் அடர்த்தி) 1.025, வெப்பம் 25 அல்லது 26 டிகிரி. பாறை 6 முதல் 8 கிலோ போதும். பாறையை முதலில் தொட்டியின் அடித்தளத்தில் நேராக உட்கார வைத்துவிட்டு அதன்பின் மணலைக் கொட்டுங்கள். மணலின் மேல் பாறையை வைத்தால், கோபி மீன் அடியில் குழி பறிக்கும் நாளில் மொத்தமும் சரிந்து கண்ணாடியில் மோதும்.

பிறகு, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை உடைக்கும் பாக்டீரியாவை வளர்க்க, அம்மோனியாவை 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அளவுக்கு ஏற்றுங்கள். 70 லிட்டருக்கு அம்மோனியம் குளோரைடு ஏறக்குறைய அரை கிராம் பிடிக்கும். பாக்டீரியா பெருகப் பெருக அம்மோனியா நைட்ரைட்டாகவும், நைட்ரைட் நைட்ரேட்டாகவும் மாறும். 2 பி.பி.எம். போட்ட 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டுமே பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் தொட்டி தயார். பாதித் தண்ணீரை மாற்றி நைட்ரேட்டை 10 பி.பி.எம்.மை ஒட்டிக் கொண்டுவந்துவிட்டு முதல் மீனை விடலாம்.

ஒரு டாம்செல் மீனை விட்டே தொட்டியைப் பழக்கலாம் என்கிறார்களே?

பழைய வழக்கம். டாம்செல் அம்மோனியாவைத் தாக்குப்பிடிக்கும் என்பதால் வந்தது. தாக்குப்பிடிக்கும்தான், ஆனால் செவுள் புண்ணாகும். அது பிழைத்துக்கொண்டால் அடுத்த தொல்லை: மொத்தத் தொட்டியையும் தன் எல்லை என்று பிடித்துக்கொண்டு பின்னால் வரும் எல்லாரையும் அடிக்கும். பாறையைக் கலைக்காமல் அதைப் பிடித்து வெளியே எடுக்கவும் முடியாது. புட்டியில் கிடைக்கும் அம்மோனியாவே செய்யும் வேலைக்கு ஓர் உயிர் எதற்கு?

80 லிட்டரில் எத்தனை மீன்?

நான்கு. மூன்றோடு நிறுத்தினாலும் நன்று. நன்னீர்த் தொட்டிக்காரர்கள் சொல்லும் ‘இத்தனை லிட்டருக்கு இத்தனை அங்குலம்’ என்ற கணக்கு இங்கே எடுபடாது. உப்புநீர் நன்னீரைவிடக் குறைவாகத்தான் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். பவளப்பாறை மீன்களில் பலவும் எல்லை வகுத்து வாழ்பவை, ஆகவே இடம் தட்டுப்பட்டால் தண்ணீர் சுத்தமாக இருந்தாலும் அடிதடி நடக்கும். முழு வளர்ச்சியில் 10 செ.மீ. தாண்டும் எந்த மீனையும் இந்தத் தொட்டிக்கு நினைக்க வேண்டாம். கடையில் இப்போது இருக்கும் அளவைப் பார்த்து முடிவெடுப்பதில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள்.

அப்படியானால் எந்த மீன்கள் பொருந்தும்?

ஒசெல்லாரிஸ் கோமாளி மீன் ஜோடி, பைஜாமா கார்டினல் அல்லது பாங்காய் கார்டினல், 5 செ.மீ.க்கு மேல் போகாத நியான் கோபி, மஞ்சள் வாட்ச்மேன் கோபி, ஃபயர்ஃபிஷ், ராயல் கிராமா, ஆர்க்கிட் டாட்டிபேக், பாசி மேயும் டெயில்ஸ்பாட் பிளென்னி. எல்லாவற்றையும் வாங்க இல்லை, இதிலிருந்து மூன்று நான்கைத் தேர்ந்தெடுக்கத்தான் இந்தப் பட்டியல்.

ஒரு நல்ல சேர்க்கை: கோமாளி இரண்டு, வாட்ச்மேன் கோபி ஒன்று, ஃபயர்ஃபிஷ் ஒன்று. ஒன்று நடுத்தண்ணீரில் மிதக்கும், ஒன்று மணலில் கிடக்கும், கோமாளிகள் ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளும். உயரம் பிரிந்திருப்பதால் மோதல் குறைவு. வாட்ச்மேனோடு ஒரு பிஸ்டல் இறாலையும் விட்டால் இரண்டும் ஒரே வளையில் குடியேறும். இறாலுக்குக் கண்பார்வை மங்கல். அது மண்ணைத் தள்ளும்போது ஒரு மீசையை மீனின் மேல் வைத்துக்கொண்டே வேலை செய்யும், மீன் காவல் காக்கும். சின்னத் தொட்டியில் பார்க்கக் கிடைப்பவற்றில் இதற்கு ஈடு எதுவுமில்லை.

ராயல் கிராமாவும் ஆர்க்கிட் டாட்டிபேக்கும் ஒன்றாக வேண்டாம். இரண்டும் ஊதா நிறம், இரண்டுக்கும் அதே பாறை இடுக்கு வேண்டும். ஃபயர்ஃபிஷ், கோபி இரண்டும் துள்ளும். தொட்டியின் வாயில் 6 மி.மீ. கண்ணுள்ள வலை மூடி கட்டாயம். குழாய் நுழையும் மூலை இடைவெளியை மறந்துவிடுவார்கள், மீன் சரியாக அந்த வழியாகத்தான் வெளியே விழும்.

கோமாளி மீனுக்குக் கடல் அனிமோன் வேண்டாமா?

வேண்டாம். கடலில் கோமாளிகள் அனிமோன் என்ற உயிரின் கொட்டும் கைகளுக்குள் குடியிருக்கும், ஆனால் தொட்டியில் பிறந்த கோமாளிகள் பல தலைமுறையாக அனிமோனையே பார்த்ததில்லை. பம்பு மூலையையோ ஒரு பவளத்தையோ வீடாக ஏற்றுக்கொள்ளும். அனிமோனுக்கோ பலமான வெளிச்சமும், குறைந்தது ஆறு மாதம் முதல் ஒரு வருடம் நிலைபெற்ற தண்ணீரும் தேவை. பிடிக்காத இடத்தில் வைத்தால் நடந்து போகும், பம்பில் சிக்கி அரைபடும், அரைபட்ட அனிமோன் தொட்டி முழுவதையும் கெடுக்கும்.

ஜோடி சேர்ப்பது எளிது. கோமாளி மீன்கள் முதலில் ஆணாகவே வளரும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும், அடுத்த அளவுள்ளது ஆணாக நிற்கும். எனவே குட்டிகளாக, ஒன்று சற்றுப் பெரிதும் ஒன்று சற்றுச் சிறிதுமாக வாங்குங்கள். சின்னது உடலை நடுக்கிப் பணிந்து காட்டினால் எல்லாம் சரியாகப் போகிறது என்று பொருள். வளர்ந்த இரண்டு பெரிய மீன்களைச் சேர்த்தால் இரண்டும் பெண்ணாக இருக்கலாம், சண்டை ஒன்றின் சாவில் முடியும். மூன்றாவது கோமாளிக்கு இடமில்லை.

எந்த வரிசையில் விடுவது?

சாதுவானதை முதலில், முரட்டானதைக் கடைசியில். மேலே சொன்ன சேர்க்கையில் ஃபயர்ஃபிஷ், அடுத்து வாட்ச்மேன், கடைசியில் கோமாளி ஜோடி. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே மூன்று நான்கு வாரம் விடுங்கள். பாக்டீரியாவின் எண்ணிக்கை அதற்குக் கிடைக்கும் கழிவைப் பொறுத்தே வளரும். நான்கு மீனையும் ஒரே நாளில் விட்டால் ஒரு மீன் அளவுக்கான பாக்டீரியா நான்கு மீனின் கழிவைச் சமாளிக்க வேண்டியிருக்கும்.

வரிசை ஏற்கெனவே தப்பிவிட்டதா? புது மீனை விடும் நாளில் பாறைகளை இடம் மாற்றி வையுங்கள், எல்லைக்கோடு அழிந்துபோகும். துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டியில் புது மீனை இரண்டு மூன்று நாள் உள்ளேயே வைத்து முகம் பழக்கலாம். விளக்கை அணைத்துவிட்டுத் திறந்துவிடுங்கள்.

எதை வாங்கவே கூடாது?

நீல டாங் 30 செ.மீ. வளரும், மஞ்சள் டாங் 20 செ.மீ. இரண்டும் நாள் முழுக்க நீந்தும் இனம். புள்ளிபோட்ட பாந்தர் குரூப்பர் குட்டி பார்க்க அவ்வளவு அழகு, வளர்ந்தால் 70 செ.மீ. கடையில் 5 செ.மீ. அளவில் இவற்றைப் பார்ப்பவர்கள் ‘பெரிதானால் பெரிய தொட்டி வாங்கிக்கொள்ளலாம்’ என்கிறார்கள். தொட்டி முதலில் வரட்டும்.

அளவில் சின்னதாக இருந்தும் பட்டினியால் சாகும் ஒரு கூட்டம் உண்டு. மாண்டரின் மீன் கோபிபாடு என்னும் நுண்ணிய நீர்வாழ் உயிர்களை நாள் முழுதும் கொத்தித் தின்னும், 70 லிட்டரில் அது சில வாரங்களில் தீர்ந்துவிடும். வளர்ப்பில் பிறந்து, பதப்படுத்திய தீனி தின்னப் பழகிய மாண்டரினாக இருந்தாலும் முதல் ஆண்டில் வேண்டாம். கிளீனர் ராஸ் பிற மீன்களின் ஒட்டுண்ணியைத் தின்று வாழ்வது. நான்கு மீன்கள் அதற்குச் சோறு போடாது. கடல்குதிரைக்கு மந்தமான நீரோட்டமும் நாளுக்குப் பல வேளை தீனியும் கொண்ட தனித் தொட்டி வேண்டும்.

பெட்டி மீன் மிரண்டாலோ செத்தாலோ நஞ்சைத் தண்ணீரில் விடும், கடல் அட்டைகளிலும் நஞ்சு உண்டு. பச்சைக் குரோமிஸை ஆறேழாக வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அவை ஒன்றையொன்று அடித்துக் குறைந்துகொண்டே வந்து ஒன்றிரண்டில் நிற்கும்.

வளர்ப்பில் பிறந்ததா, கடலில் பிடித்ததா என்பது அவ்வளவு முக்கியமா?

முக்கியம். பாங்காய் கார்டினலை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தோனேசியாவின் பாங்காய் தீவுகளைச் சுற்றி மட்டுமே இயற்கையாக வாழும் இனம். ஆண் மீன் முட்டைகளை வாயில் அடைகாக்கும், குட்டிகள் மிதந்து தொலைவு போவதில்லை. ஆகவே ஓரிடத்தில் பிடித்துத் தீர்த்துவிட்டால் வேறிடத்திலிருந்து வந்து நிரம்பாது. தொட்டி வணிகத்துக்காக அளவுமீறிப் பிடித்ததில், 2007-இல் அருகிவரும் இனங்களின் சிவப்புப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அதே மீன் வளர்ப்புத் தொட்டியில் சிரமமின்றிக் குஞ்சு பொரிக்கிறது. அப்படியிருக்கக் கடலில் பிடித்ததை வாங்க நியாயமே இல்லை.

இன்னொரு காரணம் சயனைடு. பாறை இடுக்கில் ஒளியும் மீனை மயக்கிப் பிடிக்கச் சயனைடு கரைசலைப் பீய்ச்சும் பழக்கம் 1960-களில் பிலிப்பைன்ஸில் தொடங்கிப் பிற இடங்களுக்கும் பரவியது. சுற்றியுள்ள பவளமும் செத்துப்போகும். பிடிபட்ட மீன் கடையில் நன்றாகத் தெரிந்து, வீட்டுக்கு வந்த சில வாரங்களில் காரணமின்றிச் சாகலாம்.

கோமாளி, பாங்காய், பைஜாமா, நியான் கோபி, ஆர்க்கிட் டாட்டிபேக் எல்லாம் வளர்ப்பில் பிறந்ததாகவே கிடைக்கும். ராயல் கிராமாவும் ஃபயர்ஃபிஷும் பெரும்பாலும் கடலிலிருந்துதான் வருகின்றன. அவற்றுக்கு, வலையில் பிடித்தவையா, எந்த நாட்டிலிருந்து வந்தவை என்று கடைக்காரரைக் கேளுங்கள். மழுப்பினால் வேறு கடையைப் பாருங்கள்.

கடையில் ஒரு மீனை எப்படிப் பார்த்து வாங்குவது?

தின்பதைக் காட்டச் சொல்லுங்கள். இந்த ஒரு சோதனை மற்ற எல்லாவற்றையும்விட மேல். தின்னாத மீன் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். பிறகு வயிறு ஒட்டியிருக்கிறதா, தலைக்குப் பின்னால் முதுகு சப்பையாகக் கிடக்கிறதா, மூச்சு வேகமாக வாங்குகிறதா, ஒரே செவுள் மட்டும் அசைகிறதா என்று பாருங்கள். அதே தொட்டியில் வேறொரு மீன் செத்துக் கிடந்தால் அந்தத் தொட்டியிலிருந்து எதையும் வாங்காதீர்கள். அன்றைக்கு வந்திறங்கிய மீனுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் போய் எடுப்பது நல்ல பழக்கம்.

புது மீனை நோய் பார்க்கத் தனியே வைக்கும் தனிமைத் தொட்டி நான்கே மீனுக்கு அவசியமா?

நான்கே மீன் என்பதால்தான் இது சுலபம். 40 லிட்டர்த் தொட்டி, ஹீட்டர், ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள இரண்டு பி.வி.சி. குழாய் முழங்கைகள், மூடி. மணலும் பாறையும் வேண்டாம், மருந்தை அவை உறிஞ்சிவிடும். மீன் வருவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே ஸ்பாஞ்சைப் பெரிய தொட்டிக்குள் போட்டுவையுங்கள். பாக்டீரியா அதில் குடியேறியிருக்கும்.

குறைந்தது நான்கு வாரம் வைத்துப் பாருங்கள். நோய்க்குறி தெரிந்தால், அது மறைந்த நாளிலிருந்து மறுபடி நான்கு வாரம். உப்பைத் தூவினதுபோல் புள்ளிகள் வந்தால் கிரிப்டோகேரியான் என்ற வெண்புள்ளி நோய். மாவு பூசினதுபோல் மெல்லிய படலமும் வேகமான மூச்சும் இருந்தால் வெல்வெட் நோய். இது ஓரிரு நாளில் கொல்லும், காத்திருக்க நேரமில்லை. கோமாளியின் உடலில் வழுவழுப்பாகத் தோல் உரிந்தால் புரூக்ளினெல்லா, இதற்குத் தாமிரம் உதவாது. வெண்புள்ளிக்கும் வெல்வெட்டுக்கும் தாமிர மருந்து கேட்கும். புட்டியில் சொன்ன அளவைத் தாமிரச் சோதனைக் கிட்டால் தினமும் சரிபார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும். பெரிய தொட்டிக்குள் தாமிரம் ஒரு துளியும் போகக் கூடாது. இறால், நத்தை, பவளம் எல்லாம் செத்துவிடும்.

வெண்புள்ளி பெரிய தொட்டிக்குள்ளேயே நுழைந்துவிட்டால் மீன்கள் அனைத்தையும் வெளியேற்றி 76 நாள் தொட்டியை மீனின்றி விட வேண்டும். ஒட்டுண்ணியின் கூடு அவ்வளவு காலம் மணலில் உறங்கிக் கிடக்கக்கூடும். நான்கு வாரத் தனிமையைத் தவிர்ப்பவர்கள் பின்னால் கட்டும் வட்டி இது.

பையிலிருந்து தண்ணீருக்கு எப்படி மாற்றுவது?

முதலில் பைத் தண்ணீரின் ஒப்படர்த்தியை அளந்து பாருங்கள். பல கடைகளில் மீன் மட்டும் உள்ள தொட்டியை 1.018 முதல் 1.020 வரை வைத்திருப்பார்கள். அதிலிருந்து 1.025-க்கு ஒரே மணி நேரத்தில் ஏற்றினால் மீனின் உடல் தாங்காது. ஆகவே கடையில் முன்கூட்டியே கேட்டு, தனிமைத் தொட்டியை அதே அளவுக்குத் தயாராக வையுங்கள். பையை 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிட்டு, மீனை மட்டும் எடுத்து உள்ளே விடுங்கள். பிறகு நாளுக்கு 0.001 வீதம் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.

தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பழக்கும் சொட்டு முறை எல்லா நேரத்திலும் நல்லதல்ல. நீண்ட பயணம் வந்த பையில் கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும். அந்த நிலையில் அம்மோனியா பெருமளவு கெடுதல் குறைந்த அம்மோனியம் வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏறும், அம்மோனியம் நஞ்சான அம்மோனியாவாக மாறும். மணிக்கணக்கில் சொட்டவிட்டால் மீன் அதற்குள்ளேயே கிடந்து வேகும். சொட்டு முறை இறாலுக்கும் நத்தைக்கும்தான்: நொடிக்கு இரண்டு துளி, ஒரு மணி நேரம். பைத் தண்ணீரை எப்போதும் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

துப்புரவுக்கு எத்தனை நத்தை, நண்டு?

கட்டாக விற்கும் நாற்பது ஐம்பது உருப்படி வேண்டவே வேண்டாம். புதுத் தொட்டியில் அவ்வளவுக்குத் தீனி கிடையாது, பட்டினியில் ஒவ்வொன்றாகச் செத்து அம்மோனியாவைக் கூட்டும். பழுப்புப் பாசி கண்ணாடியில் படரத் தொடங்கியதும் டிரோகஸ் நத்தை நான்கு, மணலுக்கு நாசாரியஸ் இரண்டு. டிரோகஸ் குப்புற விழுந்தால் தானே நிமிர்ந்துகொள்ளும், அஸ்ட்ரேயாவால் பல சமயம் முடியாது. துறவி நண்டு வேண்டுமென்றால் இரண்டு, கூடவே காலி ஓடுகள் ஏழெட்டு. ஓடு இல்லையென்றால் நத்தையைக் கொன்று அதன் ஓட்டைப் பிடுங்கும். நட்சத்திர மீன்கள் பெரும்பாலும் சில மாதங்களில் மெதுவாகப் பட்டினியால் சாகும், விட்டுவிடுங்கள்.

பவளம் எப்போது?

மூன்று நான்கு மாதம் கழித்து. வெட்டி வளர்த்த துண்டுகளாகவே வாங்குங்கள். காளான் பவளம், தோல் பவளம், சோவாந்திட் மூன்றும் பிழை பொறுப்பவை. காரத்தன்மை 8 முதல் 9 டி.கே.எச். அளவில் ஆடாமல் நிற்கட்டும். கொட்டும் இனங்களுக்கு நடுவே 10 செ.மீ. இடைவெளி விடுங்கள்.

சோவாந்திடுகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். அவை ஒட்டியிருக்கும் பாறையை ஒருபோதும் கொதிக்கவைக்கவோ வெந்நீர் ஊற்றித் தேய்க்கவோ கூடாது. ஆவியை மூச்சில் இழுத்து மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு.

தண்ணீர் தினமும் குறைகிறது. உப்புநீர் ஊற்றலாமா?

நன்னீர்தான், அதுவும் ஆர்.ஓ. டி.ஐ. நீர். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு உள்ளேயே தங்கும். 70 லிட்டரில் ஆயிரத்துக்கு 35 பங்கு என்று இருந்த உவர்ப்பு, நாளுக்கு 2 லிட்டர் வீதம் மூன்று நாள் ஆவியானால் 38-ஐத் தாண்டிவிடும். கண்ணாடியில் கோடு போட்டு, தினமும் அந்தக் கோடு வரை நிரப்புங்கள். வாரம் 7 லிட்டர் தண்ணீர் மாற்றும்போதுதான் உப்புநீர், அதையும் முந்தைய நாளே கலந்து, சூடேற்றி, பம்பு ஓட்டி வையுங்கள்.

ஒரு மீனை இரண்டு நாளாகக் காணவில்லை. தேட வேண்டுமா?

முதலில் தரையைப் பாருங்கள், அடுத்து பம்புக்குப் பின்னால், ஃபில்டர் பெட்டிக்குள். பிறகு அம்மோனியாவைச் சோதியுங்கள். பூஜ்யமாக இருந்தால் பாறையைக் கலைக்காமல் காத்திருங்கள். ஃபயர்ஃபிஷும் கோபியும் ஒரு வாரம்கூட வளைக்குள் பதுங்கும். அம்மோனியா ஏறியிருந்தால் 20 லிட்டர் தண்ணீரை மாற்றிவிட்டு உடலைத் தேடி எடுத்துவிடுங்கள்.

வளர்க்க முடியாத மீனைக் கடலில் விட்டுவிடலாமா?

கூடாது, அதே இனம் வாழும் கடலாகவே இருந்தாலும். தொட்டியில் வேறு நாட்டு உயிர்களோடு இருந்த மீன் அவற்றின் நோயையும் சுமந்திருக்கும். இந்தோ-பசிபிக் சிங்க மீன் 1985-இல் ஃபுளோரிடா கடலில் முதலில் தென்பட்டது. தொட்டிகளிலிருந்து விடப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள் இன்று கரீபியன் முழுதும் நிறைந்து உள்ளூர் மீன்குஞ்சுகளைத் தின்கின்றன. பாசியும் அப்படித்தான்: காலர்ப்பா டாக்ஸிஃபோலியா 1984-இல் மொனாக்கோ அருகே மத்தியதரைக் கடலில் காணப்பட்டு, பிறகு கரையோரமாகப் பரவியது.

வாங்கும்போதே ‘திருப்பி எடுத்துக்கொள்வீர்களா?’ என்று கடையில் கேட்டுவையுங்கள். இல்லையென்றால் பெரிய தொட்டி வைத்திருக்கும் ஒருவருக்குக் கொடுங்கள். கழிக்கும் உப்புநீரைக் கழிவறைச் சாக்கடையில்தான் ஊற்ற வேண்டும். மழைநீர் வாய்க்காலிலோ கடற்கரையிலோ ஊற்றக் கூடாது. வேண்டாத பாறையையும் பாசியையும் வெயிலில் நன்றாகக் காய்ந்து மொறுமொறுப்பாகும்வரை போட்டுவிட்டுப் பிறகு குப்பையில் சேருங்கள்.